காசு கொடுத்து வாங்கிய பனியன்

1

திருப்பூர்க்காரன் ஒருவன் காசு கொடுத்து டீ ஷர்ட் வாங்கினான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் ஊரில் டீ ஷர்ட்டை யாரும் வாங்குவதில்லை, அது தானாக வந்து சேரும். மாமனார் வீட்டிலிருந்து ஒரு மூட்டை வரும். கூடப் படித்தவனின் கம்பெனியில் சாம்பிள் மிஞ்சியது என்று ஒரு பை வரும். இப்படி எதுவும் வராத துரதிர்ஷ்டசாலி காதர்பேட்டைக்குப் போய் ஏற்றுமதியில் மிஞ்சியதைக் கிலோ கணக்கில் அள்ளிக்கொண்டு வருவான், அதையும் வெளியே சொல்ல மாட்டான்.

நானும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவன்தான். இங்கிலாந்துக்கு வருவதற்கு முன் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் முதலாளிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம் அது. இங்கே குடியேறிய பிறகும் பனியன் விஷயத்தில் நான் திருப்பூரைவிட்டு வெளியே வரவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் என் மனைவி சுமதியின் அண்ணன் பழனி மச்சான் ஒரு பெட்டி நிறையக் கட்டிக் கொடுத்துவிடுவார். அவிநாசியிலிருந்து சேவூர் போகிற சாலையில் அவருடைய தையல் யூனிட் இருக்கிறது. ஒருமுறை இங்கே விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டார். ஒரே மாதிரியான சட்டைகளாக எடுத்து எடுத்து வைத்துக் களைத்துப்போய், "நீங்கள் வியாபாரியா?" என்று கேட்டார். "இல்லை, மாப்பிள்ளை" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்பதால்தான் இதையெல்லாம் உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்பேர்ப்பட்ட நான் போன குளிர்காலத்தில் காசு கொடுத்து டீ ஷர்ட் வாங்கினேன். ஒன்றல்ல, நாற்பது.

2

இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் தமிழ்ச் சங்கத்தில் பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைப்போம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. அந்தப் பொறுப்பு, எந்த விவாதமும் இல்லாமல், வருடா வருடம் என் தலையில் விழும். முந்தின வருடம் மச்சான்தான் அனுப்பினார். நல்ல கனமான துணி, அருமையான தையல். முதுகில் மட்டும் ஏதோ ஜெர்மன் ஊரின் தீயணைப்புப் படை என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் ஓடிய புகைப்படம் இன்னும் சங்கத்து இணையதளத்தில் இருக்கிறது. என் மகள் கீர்த்தனாவுக்குப் பதினாலு வயது. அந்தப் படத்தைப் பள்ளித் தோழிகள் பார்த்துவிட்டார்களாம். "இந்த வருஷமும் ஃபயர் சர்வீஸ்னா நான் வரமாட்டேன்ப்பா" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டாள்.

மச்சானிடம் புதிதாகத் தைத்துத் தரச் சொல்லவும் மனம் வரவில்லை. டாலர் இறங்கி, ஏற்றுமதிக்காரர்களுக்கு வரவு குறைந்து கிடந்த சமயம். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாமல் டீசல் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பது பீஸ் என்று வாயைத் திறந்தால் போதும், ஓடுகிற வேலையை நிறுத்திவிட்டு அதைத் தைத்து, கூரியர் செலவையும் தானே போட்டு அனுப்புவார். விலை கேட்டால் கோபித்துக்கொள்வார்.

அதனால் கீர்த்தனா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தேடினாள். ஒரு பெரிய கடையின் இணையதளத்தில் மஞ்சள் நிறச் சிறுவர் டீ ஷர்ட், ஒன்றே முக்கால் பவுண்டு என்று போட்டிருந்தது. கடையின் பெயர் வேண்டாம். பழனி மச்சான் தைத்து அனுப்புகிற கடை என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். அவருக்கு வருகிற ஆர்டரில் பாதிக்கு மேல் அவர்களுடையது. அங்கே வாங்கினால் எப்படிப் பார்த்தாலும் மச்சானுக்கு வியாபாரம்தானே என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். நாற்பதுக்கு ஆர்டர் போட்டோம். உங்கள் ஆர்டரை ஏற்றுக்கொண்டோம், நன்றி என்று மின்னஞ்சல் வந்தது. மறுநாள் கார்டிலிருந்து பணமும் போனது. சுமதியிடம் மட்டும், அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

மூன்றாம் நாள் இன்னொரு மின்னஞ்சல் வந்தது. விலை தவறாகப் பதிவாகிவிட்டதாம். சரியான விலை ஆறே முக்கால் பவுண்டாம். மிச்சத்தைக் கட்டினால் சட்டை வரும், விருப்பமில்லை என்றால் பணம் திரும்பி வரும், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

3

இதைப் படித்ததும் இந்த நாட்டில் பிறந்த ஒருவனுக்குக் கோபம் வந்திருக்கும். எனக்குச் சொந்த ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆர்டர் கொடுத்த பிறகு விலையை மாற்றுவது திருப்பூரில் மழை பெய்கிற மாதிரி. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், குடையைத்தான் தேடுவார்கள். விலை பேசி, சாம்பிள் சரிபார்த்து, கையெழுத்தாகி, சரக்குக் கப்பலும் ஏறிவிட்ட பிறகு பையரிடமிருந்து ஒரு மெயில் வரும். சந்தை மந்தமாக இருக்கிறது, பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளவும். எங்கள் முதலாளி அதைக் கேட்டுவிட்டு அரை நிமிடம் கூரையைப் பார்ப்பார். பிறகு, "அஞ்சுன்னு கேளு கண்ணு, ஏழுல வந்து நிப்பான்" என்பார். நான் அஞ்சு என்று எழுதுவேன். பையர் ஏழில் வந்து நிற்பார். எல்லோருக்கும் சந்தோஷம். கோர்ட், கேஸ் என்று யாராவது பேசினால், வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஆடிட்டர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பயிற்சி என் கையில் அப்படியே இருந்தது. யோசிக்காமல் உட்கார்ந்து கடைக்கு ஒரு பதில் தட்டினேன். தங்கள் நிலைமை புரிகிறது. நம்முடைய நீண்டகால உறவை மதித்து, இருவருக்கும் பாதகமில்லாமல் நாலு பவுண்டில் முடித்துக்கொள்ளலாம். தயவுசெய்து ஆவன செய்யவும். அனுப்பியும் விட்டேன். அந்தக் கடையோடு எனக்கு இருந்த நீண்டகால உறவு மூன்று நாள்.

சாயங்காலம் அதைப் படித்த கீர்த்தனா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா! இது காய்கறி இல்லப்பா. அவங்க அக்செப்ட் பண்ணி, பணமும் எடுத்துட்டாங்க. இது கான்ட்ராக்ட். நீங்க எதுக்கு அவங்களுக்கு டிஸ்கவுண்ட் குடுக்கறீங்க?"

"நான் எங்க குடுத்தேன்? ஆறே முக்கால நாலாக்கி வச்சிருக்கேன்" என்றேன்.

"ஒன்னே முக்கால நாலாக்கி வச்சிருக்கீங்க."

பள்ளிக்கூடத்தில் குடிமக்கள் உரிமை என்று ஒரு பாடம் இருக்கிறதாம். விலை ஒப்புக்கொண்ட பிறகு மாற்றினால் என்ன செய்ய வேண்டும் என்று போன பருவத்தில்தான் நடத்தியிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் குடிமையியல் பாடத்தில் பஞ்சாயத்துத் தலைவரின் கடமைகளை மனப்பாடம் செய்தோம். அதை வைத்துக்கொண்டு எந்தக் கடையிலும் சில்லறைகூட வாங்க முடியாது.

4

ஊர் நூலகத்து மாடியில் நுகர்வோருக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிற அலுவலகம் ஒன்று இருந்தது. போனில் கூப்பிட்டால் வரிசையில் நிற்க வைத்து வயலின் வாசித்துக் காட்டினார்கள். வாசித்து முடித்ததும் ஒரு வயதான பெண்மணி வந்தார். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் என்னை அன்பே என்று கூப்பிட்டார். சுமதி ஒலிபெருக்கியைப் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆர்டரை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வந்ததா? வந்தது. பணம் எடுத்தார்களா? எடுத்தார்கள். "அப்படியானால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அன்பே. அவர்கள் அந்த விலைக்குத்தான் தர வேண்டும். நீங்கள் வேறு விலைக்கு ஒப்புக்கொள்ளவில்லைதானே?"

நாலு பவுண்டு கதையைச் சொன்னேன். "நீங்களாகவா எழுதினீர்கள்? யாரும் வற்புறுத்தவில்லையே?" என்று கேட்டார். இல்லை, வழக்கம் என்றேன். கடை அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பதால் உடனே வாபஸ் வாங்கிவிடச் சொன்னார். கீர்த்தனா அந்த நிமிடமே தட்டி அனுப்பினாள். என் வாழ்க்கையில் நான் கொடுத்த தள்ளுபடியைத் திரும்பப் பெற்றது அதுதான் முதல் தடவை. உள்ளுக்குள் ஏதோ விதியை மீறிவிட்ட கிளுகிளுப்பு இருந்தது.

கடையிலிருந்து பதில் வந்தது. ஒரு பருத்திச் சட்டையை ஒன்றே முக்கால் பவுண்டுக்குத் தர முடியாது என்பது எந்த மனிதருக்கும் தெரியும். எனவே அது வெளிப்படையான பிழை. எனவே ஒப்பந்தம் செல்லாது. அந்தப் பெண்மணியிடம் படித்துக் காட்டினேன். அவர்களுக்கு இருக்கிற ஒரே தப்பிக்கும் வழி அதுதான் என்றார். வாங்கும்போதே அந்த விலை பிழை என்று எனக்குத் தெரிந்திருந்தால் என் பக்கம் நியாயமில்லை. "நீங்கள் உண்மையாகவே அந்த விலையை நம்பினீர்களா? நம்புவதற்கு ஏதாவது காரணம் இருந்ததா?"

காரணமா! பழனி மச்சான் பையருக்கு எழுதுகிற மெயிலை எல்லாம் இங்கிலீஷ் திருத்தச் சொல்லி எனக்குத்தான் முதலில் அனுப்புவார். அந்தக் கடை ஒரு சிறுவர் டீ ஷர்ட்டுக்கு அவருக்கு என்ன தருகிறது என்பது பைசா சுத்தமாக எனக்குத் தெரியும். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அட்டைப்பெட்டி, தூத்துக்குடி வரை லாரி வாடகை எல்லாம் சேர்த்து ஒரு பவுண்டைத் தொடாது. ஒன்றே முக்காலைப் பார்த்தபோது எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. நல்ல லாபம் வைத்திருக்கிறான் பாவி என்றுதான் தோன்றியது.

இந்த நாட்டிலேயே அந்த விலையை மனமார நம்பிய ஒரே வாடிக்கையாளன் நானாக இருப்பேன். அதை நிரூபிக்கவும் என்னால் முடியும். பக்கத்தில் சுமதி, வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆதாரமாக நான் காட்ட வேண்டியது அவள் அண்ணனின் விலை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

5

அவர் விலையை வெளியே சொல்லலாமா என்று கேட்க, ஐந்து பவுண்டு டெலிபோன் அட்டை ஒன்றைச் சுரண்டி மச்சானைக் கூப்பிட்டேன். பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் காதில் முதல் வாக்கியத்துக்கு மேல் எதுவும் ஏறவில்லை.

"ஏனுங்க மாப்ள, காசு குடுத்தா வாங்குனீங்க?"

"உங்களுக்கு எதுக்குங்க மச்சான் சிரமம்னு..."

"நானென்ன செத்தா போய்ட்டனுங்க? நாப்பது பீஸுங்க! அதுக்குப் போயி கடைக்காரங்கிட்ட நின்னுருக்கறீங்க. இது நம்ம பக்கம் தெரிஞ்சா என்னைய என்னன்னு பேசுவாங்க?"

அவரைச் சமாதானப்படுத்தவே அட்டையில் பாதிக் காசு கரைந்தது. பிறகுதான் விலை விவகாரத்துக்கு வந்தேன். கேட்டுவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"உங்களுக்கு ஏத்தறானுங்களா? போன வாரம் எனக்கு எறக்கீட்டானுங்க. சரக்குக் கப்பல்ல போய்ட்டிருக்குதுங்க, ஏழு பர்சென்ட் கொறைங்கறான். உங்ககிட்டச் சொல்றதுக்கே கூச்சமா இருந்துச்சு. அதான் அந்த மெயில நானே இங்கிலீஸ்ல எழுதிப்போட்டனுங்க."

ஒரே கடை, ஒரே சட்டை. தைக்கிறவருக்கு விலையை இறக்கி, வாங்குகிறவனுக்கு ஏற்றி, இரண்டையும் ஆர்டர் முடிந்த பிறகு செய்கிறார்கள். கயிற்றின் இந்த முனையில் நான், அந்த முனையில் என் மச்சான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடை என்ன வாதம் செய்கிறது, என் கையில் என்ன பதில் இருக்கிறது என்று சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"மாப்ள, என்ர வெலைய மட்டும் சொல்லிப்போடாதீங்க. வெலை வெளிய போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த சீசனுக்கு நம்மளைக் கூப்புட மாட்டானுங்க. அந்த ஆர்டர நம்பித்தான் பேங்குல கடன் வாங்கி மெசினு எறக்கியிருக்கறேன். தேனிப் பக்கமிருந்து குடும்பத்தோட வந்து தெக்கறவங்க அறுவது பேருங்க. சட்டைக்கு நீங்க எதையோ கட்டித் தொலைங்க. இல்லாட்டி, வேண்டாம்னு சொல்லிப்போட்டு, நான் அனுப்பறதப் போட்டு உடுங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கடைக்கு அந்த மிச்சத்தைக் கட்டப் போகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அதற்குள் எனக்கும் கொஞ்சம் இந்த நாட்டு ரோஷம் ஏறியிருந்தது.

6

கடையின் வாடிக்கையாளர் பிரிவு மேலாளரே ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார். எனக்கு வலது பக்கம் சுமதி வந்து நின்று, வாயில் விரலை வைத்துக் காட்டினாள். இடது பக்கம் கீர்த்தனா. அவள் உரிமைக் கட்சி. "சொல்லுங்கப்பா, அதுதான் நம்ம பெஸ்ட் பாயின்ட்" என்று காதருகில் கிசுகிசுத்தாள். அவளுக்கு மாமாவைப் பிடிக்கும். ஆனால் உண்மையைச் சொன்னதற்காக ஒருவருக்கு வர வேண்டிய ஆர்டர் நின்றுபோகும் என்பது அவளுக்குப் புரியவே இல்லை. அப்படிச் செய்தால் அதற்கும் எங்காவது புகார் கொடுக்கலாமே என்கிறாள். எந்த ஊரில் பிறந்தோம் என்பது முகத்தில் தெரிவதில்லை, இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரிகிறது.

மேலாளர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "நியாயமான ஒரு மனிதர் இந்த விலையை நம்புவாரா, சார்?"

நாக்கின் நுனிவரை அந்த எண் வந்துவிட்டது. ஒரே எண். சொன்னால் அவர் வாய் மூடிவிடும். சுமதியின் முகத்தைப் பார்த்தேன். விழுங்கிக்கொண்டேன்.

"சார், நான் இந்தத் தொழிலில் பல வருடம் இருந்தவன்" என்றேன். "நூல் என்ன விலை, தையல் கூலி என்ன என்று எனக்குப் பொதுவாகத் தெரியும். உங்கள் விலை எப்படிக் கட்டுப்படியாகும் என்பதை நானே ஒரு பக்கத்தில் கணக்குப் போட்டு அனுப்பட்டுமா? ஒரு நகலை நுகர்வோர் அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். அவர்களுக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "அதற்கு அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன், சார்" என்றார்.

எங்கள் பழைய முதலாளி கேட்டிருந்தால் எனக்குச் சம்பளம் ஏற்றியிருப்பார்.

இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. நல்லெண்ணத்தின் அடையாளமாக, அந்த விலைக்கு ஆர்டர் செய்த அனைவருக்கும் அதே விலையில் சட்டை அனுப்பப்படும். அனைவருக்கும்! கீர்த்தனா வீட்டுக்குள் இரண்டு சுற்று ஓடினாள். நூலகத்து மாடிப் பெண்மணிக்கு நன்றி சொன்னேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சங்கத்தில் மூன்று பேரிடம் கதையைச் சொன்னேன், மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது மேலாளர் கொஞ்சம் திக்கினார்.

7

பொங்கல் அன்று வெயில் இல்லை, மழையும் இல்லை. மைதானம் முழுக்க மஞ்சள் சட்டைகள். கோட்டின் மேல் போட்டுக்கொண்டதால் எல்லாப் பிள்ளைகளும் குண்டாகத் தெரிந்தார்கள். அன்றைக்குக் கீர்த்தனா தானாக முன்வந்து படம் எடுத்தாள்.

மறுநாள் மச்சானைக் கூப்பிட்டேன். வெற்றியைச் சொல்ல வேண்டும், அவர் விலை வெளியே போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த விசயம் எனக்கும் வந்துருச்சுங்க மாப்ள" என்றார்.

"உங்களுக்கு எப்படிங்க?"

"டெபிட் நோட் வந்திருக்குதுங்க. கம்ப்யூட்டர்ல வெலை தப்பாப் போட்டதுல அவங்களுக்கு நட்டமாமுங்க. சப்ளையரெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு எடுத்துக்கோணுமாம். அதுக்குப் பேரு புரொமோசன் சப்போர்ட்டாம். நம்ம பில்லுல புடிச்சிட்டுத்தான் அனுப்பியிருக்கறானுங்க."

டெபிட் நோட் என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பையர் நமக்குத் தர வேண்டிய பணத்தில் தன் இஷ்டத்துக்குக் கழித்துக்கொண்டு, கழித்துவிட்டேன் என்று தெரிவிக்கிற தாள் அது.

சங்கத்தில் மூன்று பேரிடம் கதை சொன்ன வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் பங்கை நான் அனுப்பிவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"அந்தப் பேச்சே வேண்டாமுங்க. நாப்பது பீஸ்ல என்ன வந்துச்சு. ஊரு பூராவுமே அந்த வெலைக்கு வாங்கியிருக்குதுல்ல." உடனே பேச்சைச் சட்டைக்குத் திருப்பினார். "சட்டை எப்படீங்க இருந்துச்சு? பசங்களுக்கு அளவு சரியா வந்துச்சுங்களா? கழுத்துத் தெயலு இழுத்துக்காம இருக்குதுங்களா?"

"ரொம்ப நல்லா இருந்ததுங்க மச்சான்."

"அது போதுமுங்க." ஜெனரேட்டர் சத்தத்தில், யாரையோ தள்ளிப் போகச் சொன்னது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "ஏனுங்க மாப்ள, உங்களுக்குப் பேசுனாங்களே ஒரு அம்மா. அவங்க இந்த டெபிட் நோட்டுக்கு எனக்கும் ஒரு வார்த்த பேசுவாங்களா?"

"இல்லீங்க மச்சான். அவங்க வாங்கறவங்களுக்கு மட்டும்தான் பேசுவாங்க. விக்கறவங்களுக்குப் பேச மாட்டாங்க."

"செஞ்சு குடுக்கறவங்களுக்கு?"

"அவங்களுக்கும் இல்லீங்க."

அட்டையில் காசு தீரப் போகிறது என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொன்னது. மச்சான் அவசரமாகப் பேசினார்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க மாப்ள. அந்தக் கடையில எனக்கும் ஒரு சட்டைக்கு ஆர்டர் போடுங்க. என்ர பேருல."

"என்ன அளவுங்க?"

"எதா இருந்தா என்னுங்க" என்றார். "போட்டுக்கறதுக்கா வாங்கறோம்?"